ரோல் பாரில் நெருப்பு படாமல் மினி டிராக்டருக்குக் கூரை போடுவது எப்படி?

ஏப்ரல் பிறந்துவிட்டால் காவேரிப்பட்டணம், சந்தூர் பக்கத்து மாந்தோப்புகளில் மினி டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு வெயில் தாங்காது. "ரோல் பார் மேலயே நாலு பைப்ப வெச்சு வெல்டிங் அடிச்சு, ஒரு கூரை போட்டுக் குடுங்கண்ணா" என்று பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவருவார்கள். வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்க சீட்டுக்குப் பின்னால் நிற்கிற இரும்பு வளைவுதான் ரோல் பார். பெங்களூரா மாமரத்துத் தாழ்ந்த கிளை இடிக்கிறது என்று, பாரையே அரை அடி வெட்டி ஒட்டித் தரச் சொல்கிறவர்களும் உண்டு.

வெட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். கூரை தாராளமாகப் போடலாம். ஆனால் ரோல் பாரில் ஒரு பொட்டு வெல்டிங்கும் விழக்கூடாது, ஒரு ஓட்டையும் போடக்கூடாது. வெல்டிங் வேலை முழுவதையும் மேசை மேலேயே முடித்துவிட்டு, வண்டியில் நட்டு போல்ட்டால் மட்டும் பிடிக்க வைப்பதுதான் இங்கே சொல்லப்போகிற முறை. புதிதாக வெல்டிங் கற்றுக்கொள்கிறவர்களும் செய்யலாம்.

ஏன் நேரடியாக வெல்டிங் வைக்கக்கூடாது?

சீட்டுக்குப் பின்னால் நிற்கிற அந்த வளைவு, வண்டி கவிழும்போது ஓட்டுகிறவர் நசுங்காமல் இருக்க ஓர் இடத்தைக் காத்துக்கொடுக்கிறது. அடி விழும்போது அது கொஞ்சம் வளைந்து அந்த வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆனால் ஒடியக்கூடாது. பின்னாலிருந்தும் பக்கவாட்டிலும் தள்ளி, மேலிருந்து அழுத்தி, எவ்வளவு வளைகிறது என்று பார்த்துத்தான் இதைத் தேர்வு செய்கிறார்கள். பைப்பின் கனம், வளைவு, அடித்தட்டு, போல்ட் எல்லாம் சேர்ந்து ஒரே பொருளாகத் தேறியவை. அதில் ஒன்றை மாற்றினாலும் அந்தத் தேர்வு உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

வெல்டிங் வைத்த கோட்டுக்கு அருகில் இருக்கிற இரும்பு சட்டென்று சூடேறிச் சட்டென்று ஆறுகிறது. அந்த இரும்பின் வகையைப் பொறுத்து அங்கே இளகிப் போகலாம், அல்லது கண்ணாடி போல் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடலாம். ஓரத்தில் விழுகிற சிறு பள்ளம் போதும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கவிழ்கிற நாளில்தான் தெரியும். நம் ஊர்க் கரட்டு நிலத்தில், வரப்போரத்தில், திறந்த கிணற்றுப் பக்கத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. முன்சக்கரம் தூக்கிப் பின்பக்கமாக வண்டி கவிழ்ந்தால் ஓரிரு நொடிதான், குதிக்க நேரம் இருக்காது. ஸ்வீடன் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு இந்தப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கி, கவிழ்ந்து சாகிறவர்களின் எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்தது.

முதலில் அளவு

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மடிக்கிற ரோல் பாரை நேராக நிமிர்த்தி, கீலில் பூட்டுப் பின்னை மாட்டிக்கொள்ளுங்கள். வெர்னியரால் பாரின் அகலத்தையும் கனத்தையும் அளந்து எழுதுங்கள். நான் 60 மி.மீ அகலச் சதுர பாருக்குச் சொல்கிறேன், உங்கள் வண்டியின் அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். பாரை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்துக் கவ்வி இறுக்குவதுதான் கிளாம்ப். உருண்டை பார் என்றால் இரண்டாவது தட்டுக்குப் பதில் அதே விட்டத்துக்கு வளைத்த யு போல்ட் போடுங்கள்.

கிளாம்ப் உட்காரும் இடம் மடிப்புக் கீலுக்கு மேலே இருக்க வேண்டும். வளைவிலிருந்தும் கம்பெனி வெல்டிங்கிலிருந்தும் நான்கு விரல் தள்ளியிருக்கட்டும். சீரியல் எண் தகட்டை மறைக்க வேண்டாம்.

தேவையானவை

6 மி.மீ கனத்தில் 120-க்கு 100 மி.மீ தட்டு நான்கு. 30 மி.மீ சதுர பைப், 2 மி.மீ கனம், 100 மி.மீ நீளத்தில் இரண்டு துண்டு; இதுதான் கூரையைத் தாங்குகிற கைப் பைப் நுழைகிற சாக்கெட். கூரைச் சட்டத்துக்கும் கைகளுக்கும் 25 மி.மீ சதுர பைப், 1.6 மி.மீ கனம். 8.8 என்று தலையில் பொறித்த 10 மி.மீ போல்ட் எட்டு, அதற்கு எளிதில் தளராத நைலாக் நட்டு, வாசர். 8 மி.மீ பின் இரண்டு, கிளிப்போடு. பழைய லாரி டியூப் ஒரு துண்டு. 6013 வெல்டிங் ராடு, 2.5 மி.மீ.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ பைப் வாங்காதீர்கள், கறுப்புப் பைப்பே வாங்குங்கள். ஜி.ஐ மேல் வெல்டிங் வைத்தால் துத்தநாகப் புகை கிளம்பும், அதை இழுத்தவர்களுக்கு ராத்திரி காய்ச்சல் வரும்.

தட்டில் ஓட்டை

இரண்டு இரண்டு தட்டாக அடுக்கி வைஸில் இறுக்கி, ஒன்றாகவே ஓட்டை போடுங்கள், அப்போதுதான் போல்ட் நேராக நுழையும். குறுக்கே ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 76 மி.மீ. அப்போது போல்ட் பாரைத் தொடாமல் இரு பக்கமும் வெளியே போகும். முதலில் 4 மி.மீ, பிறகு 11 மி.மீ டிரில். பிசிறை அரத்தால் எடுத்துவிடுங்கள்.

வெல்டிங்

நல்ல துண்டில் கை வைப்பதற்கு முன், கழிவுத் தட்டில் கழிவுப் பைப் ஒன்றை ஒட்டிப் பாருங்கள். புதியவர்கள் இந்த ஒன்றைத் தவிர்க்கவே கூடாது. ஆறியதும் வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்துச் சாய்க்க வேண்டும். பைப் மடங்கி, ஒட்டு அப்படியே நின்றால் சரி. ஒட்டு தட்டிலிருந்து உரிந்து வந்தால் தட்டு உருகவே இல்லை என்று பொருள், ஆம்பியரைக் கொஞ்சம் கூட்டுங்கள். பைப்பில் ஓட்டை விழுந்தால் குறையுங்கள். 2.5 ராடுக்கு 70 முதல் 85 ஆம்பியருக்குள் அமையும். தட்டு கனம், பைப் மெலிசு என்பதால் ராடு முனை தட்டுப் பக்கமே அதிகம் பார்த்திருக்கட்டும்.

துருவையும் எண்ணெயையும் கிரைண்டரில் எடுத்துவிட்டு, சாக்கெட்டைத் தட்டின் நடுவில், 100 மி.மீ பக்கத்துக்கு இணையாகப் படுக்க வைத்து, நான்கு மூலையிலும் டேக் (சிறு பொட்டு வெல்டிங்) அடியுங்கள். மூலைமட்டம் வைத்துப் பார்த்து, கோணல் இருந்தால் இப்போதே தட்டிச் சரிசெய்யுங்கள். முழு வெல்டிங் வைக்கும்போது தட்டு வளையாமல் இருக்க, ஜோடித் தட்டையும் பின்னால் சேர்த்துப் போல்ட் போட்டு இறுக்கி வையுங்கள். ஒரு பக்கம் 25 மி.மீ, அடுத்து எதிர்ப் பக்கம் 25 மி.மீ என்று மாறி மாறி வைக்க வேண்டும். கசடைத் தட்டி எடுத்துப் பாருங்கள், குழி இருந்தால் அரைத்து எடுத்து மறுபடி வையுங்கள். சாக்கெட்டின் அடி வாயை அடைக்காதீர்கள், மழைத் தண்ணீர் வெளியேற வழி வேண்டும்.

முகக்கவசம், தோல் கையுறை, பருத்திச் சட்டை இல்லாமல் ராடைத் தொடாதீர்கள். பக்கத்தில் வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளை முதலில் அனுப்பிவிடுங்கள், அந்த ஒளியை வெறும் கண்ணால் பார்த்தால் ராத்திரி முழுக்கக் கண்ணில் மணல் கொட்டின மாதிரி இருக்கும்.

கூரைச் சட்டம் 1 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் நீளம், நடுவில் ஒரு குறுக்குப் பைப். மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்ட வேண்டாம். அதிலிருந்து இரண்டு கை கீழே இறங்கும், கைக்கும் சட்டத்துக்கும் இடையில் சாய்வாக ஒரு முட்டுப் பைப். இந்தப் பைப் மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோ, தார்பாயோடு சேர்த்து 10 கிலோ அளவில் முடியும். 12 கிலோவைத் தாண்ட விடாதீர்கள், உயரத்தில் ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் சரிவில் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். தகரத்தை விடத் தார்பாய் நல்லது.

கையைச் சாக்கெட்டில் நுழைத்து வைத்தே, பின் மாட்டுவதற்கான 8.5 மி.மீ ஓட்டையை இரண்டிலும் சேர்த்துப் போடுங்கள். ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிடுங்கள்.

வண்டியில் பொருத்துவது

டியூப்பை வெட்டி பாருக்கும் தட்டுக்கும் நடுவில் வைத்து, நான்கு போல்ட்டையும் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ரப்பர் லேசாகப் பிதுங்கினால் போதும், பைப் நசுங்கும் அளவுக்குத் திருக வேண்டாம். ஒரு நாள் ஓட்டிய பிறகு மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள், ரப்பர் அமுங்கிப் போல்ட் தளர்ந்திருக்கும்.

அடுத்து, கூரையைக் கழற்றிவிட்டு ரோல் பாரை மடித்துப் பாருங்கள். கிளாம்ப் ஹைட்ராலிக் லீவரிலோ லைட்டிலோ இடித்தால் இடத்தை மாற்றுங்கள். தோப்புக்குள் போகும்போது பின்னை உருவிக் கூரையை வரப்பில் வைத்துவிட்டு, பாரை மடித்துக்கொள்ளலாம். கிளைக்காக பாரை வெட்டத் தேவையே இல்லை. இன்னும் நல்லது, டிராக்டர் போகிற வரிசையில் தாழ்ந்த கிளைகளை அறுவடை முடிந்ததும் கவாத்து செய்துவிடுவது.

பார் நிமிர்ந்து நிற்கும்போது சீட் பெல்ட் கட்டாயம். பெல்ட் இல்லாவிட்டால் ஆள் தூக்கி எறியப்பட்டு பாருக்கு அடியிலேயே மாட்டலாம். பார் மடிந்திருக்கும்போது பெல்ட் போடக்கூடாது. தோப்பை விட்டு வெளியே வந்ததும் மறக்காமல் நிமிர்த்துங்கள். இந்தக் கூரை வெயிலுக்கும் தூறலுக்கும் மட்டும்தான், கவிழ்ந்தால் காப்பது பார்தான்.

ஏற்கனவே வெல்டிங் வைத்த, ஓட்டை போட்ட, வெட்டி ஒட்டிய, அல்லது ஒருமுறை கவிழ்ந்து வளைந்த பார் உங்கள் வண்டியில் இருந்தால் அதைச் சரிசெய்ய முயலாதீர்கள், முழுதாக மாற்றுங்கள். டீலரிடம் மாடல் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் சொல்லிக் கேளுங்கள். அடித்தட்டுக்கான புதுப் போல்ட்டுகளையும் சேர்த்தே வாங்குங்கள், பழையதைத் திரும்பப் பூட்ட வேண்டாம்.