இணையம் இல்லாத இடத்தில் எல்லாக் கணினிகளும் ஒரே மணி காட்ட

இணைய இணைப்பு இல்லாத கடையில் நான்கைந்து கணினிகள் இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு மணி காட்டும். நாளுக்கு ஓரிரு விநாடி பிசகுவது கணினிக் கடிகாரத்துக்கு இயல்புதான். ஆனால் ஒரே மாதத்தில் அது ஒரு நிமிடத்தைத் தொட்டுவிடும், பில்களின் வரிசை குழம்பும். ஒரு கணினியை மட்டும் சரியாக வைத்து, மற்றவற்றை அதனிடம் நேரம் கேட்க வையுங்கள். இதற்கான நெறிமுறை என்டிபி.

நேரம் சொல்லும் கணினியில் லினக்ஸ் இருந்தால் நல்லது. அதில் சுரோனி (chrony) என்ற, என்டிபி வழியே நேரம் சொல்லும் மென்பொருளை நிறுவி, மாறாத ஐபி முகவரி கொடுங்கள், 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம். கைபேசியைப் பார்த்து அதன் மணியைச் சரிசெய்துவிட்டு, சுரோனியின் கான்ஃபிக் கோப்பில் இரண்டு வரிகள் சேர்க்கவும் (ஆங்கிலச் சிறிய எழுத்தில்):

allow 192.168.1.0/24
local stratum 10

முதல் வரி இல்லாவிட்டால் சுரோனி வேறு எந்தக் கணினிக்கும் பதில் சொல்லாது. பலர் விட்டுவிடுவது இரண்டாவது வரியை. வெளியே எங்கும் நேரம் கேட்காத சுரோனி, 'என் கடிகாரம் ஒத்திசையவில்லை' என்றுதான் பதில் அனுப்பும். கேட்ட கணினி அந்த நேரத்தை ஏற்காது. இந்த வரி இருந்தால்தான் தன் மணியைத் துணிந்து சொல்லும். பிறகு சுரோனியை மறுபடி தொடங்கி, ஃபயர்வாலில் யுடிபி போர்ட் 123-ஐத் திறங்கள். டிசிபியில் திறந்து பயனில்லை.

விண்டோஸ் கணினிகளில் கண்ட்ரோல் பேனல், டேட் அண்ட் டைம், இன்டர்நெட் டைம், சேஞ்ச் செட்டிங்ஸ் என்று போய், சர்வர் கட்டத்தில் 192.168.1.10 தட்டி, 'அப்டேட் நவ்' அழுத்துங்கள். டொமைனில் (ஒரு மையக் கணினி நிர்வகிக்கும் அலுவலக வலையில்) சேர்ந்த கணினியில் இன்டர்நெட் டைம் தாவல் இருக்காது. அது டொமைன் கன்ட்ரோலர் என்ற அந்த மையக் கணினியிடம் நேரம் வாங்கும், அதைத் தொட வேண்டாம். பில் மென்பொருளை மூடிவிட்டே இதைச் செய்யுங்கள். மணி பின்னோக்கிக் குதித்தால் புதிய பில் பழைய பில்லுக்கு முன்னால் போய் உட்காரும்.

பிழை வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். தேதியே வேறாக இருந்தால் விண்டோஸ் பாதுகாப்புக்காகத் திருத்த மறுக்கும். கையால் தேதியை மாற்றிவிட்டு மீண்டும் அழுத்துங்கள். அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பழைய ஆண்டுக்குப் போனால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்ற வேண்டும்.

சரியாக ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் வந்தால் சர்வரைக் குறை சொல்லாதீர்கள். என்டிபி உலகப் பொது நேரத்தை மட்டுமே அனுப்பும். அந்தக் கணினியின் நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றுங்கள். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் மாறி மாறி ஓடினாலும் இதே ஐந்தரை மணி தலைகாட்டும். மதர்போர்டுக் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்வதே காரணம்.