சவூதிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: அரபு வினைச்சொல்லை வேரோடு பிடிப்பது

வந்த சில நாளிலேயே ‘அனா ரூஹ்’, ‘இன்த்த ரூஹ்’ என்று பேசப் பலரும் பழகிவிடுகிறார்கள். கடையில் சாமான் வாங்க அது போதும். ஆனால் ‘அனா’ என்றால் நான், ‘இன்த்த’ என்றால் நீ, ‘ரூஹ்’ என்றால் ‘போ’. போகிறேன், போனான், போனார்கள் எல்லாவற்றுக்கும் அதையே வைத்துக்கொண்டால், கையெழுத்துக்கு நீட்டப்படும் தாளில் யார் என்ன செய்ததாக எழுதியிருக்கிறது என்று தெரியாமலே போய்விடும்.

பெரும்பாலான அரபுச் சொற்களுக்கு மூன்று எழுத்துதான் வேர். காஃப், தா, பா சேர்ந்தால் எழுதுவது. கதப என்றால் எழுதினான், கிதாப் புத்தகம், மக்தப் அலுவலகம். முன்னால் ஒட்டிய ‘ம’ இடத்தைக் காட்டுகிறது. அதனால் வேர்வாரியான அகராதியில் மக்தபைக் காஃபின் கீழ்தான் தேட வேண்டும்.

இறந்தகாலத்தில் விகுதி, தமிழைப் போலவே, கடைசியில் வரும். கதப்து எழுதினேன், கதபத் எழுதினாள், கதப்னா எழுதினோம், கதபூ எழுதினார்கள். நிகழ்காலத்தில் ஆளைக் காட்டும் எழுத்து முன்னால் போய்விடும்: அக்துபு (நான்), நக்துபு (நாங்கள்), யக்துபு (அவன்). நம்மவர் அதிகம் தடுக்குவது ‘நீ’யில். தமிழில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ‘நீ’. அரபியில் ஆணிடம் தக்துபு, பெண்ணிடம் தக்துபீன். மருத்துவமனைக் கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் ஆண் வடிவத்தில் பேசினால் புரியும், ஆனால் காதில் உறுத்தும்.

வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். இரண்டு காலத்தையும் சோடியாகப் படியுங்கள். கதப–யக்துபு, ஜலஸ–யஜ்லிஸு (உட்கார்), ஃபதஹ–யஃப்தஹு (திற): நிகழ்கால வடிவில் நடு உயிர் உ, இ, அ என்று மாறுவதை ஊகிக்க முடியாது. இப்படி இருபது சோடி வந்தபிறகு வாவ், யா என்ற எழுத்துகள் உள்ள வேர்களைத் தொடுங்கள். அவற்றில் எழுத்தே மறைந்துவிடும். சாலையில் சிவப்பு எண்கோணப் பலகையில் இருக்கும் ‘கிஃப்’ (நில்) இரண்டே எழுத்து. வேரின் முதல் எழுத்தான வாவ் விழுந்துவிட்டது. வண்டி நிறுத்துமிடமான ‘மவ்கிஃப்’பில் அது திரும்ப வந்து நிற்கும்.

தமிழில் எழுதிவைத்துப் படிப்பது முதல் வாரத்தோடு நிற்கட்டும். ‘கல்ப்’ என்று எழுதினால் அது இதயமா நாயா என்று தெரியாது. அரபியில் ஒன்றுக்குக் காஃப் வேறு, மற்றதற்குக் காஃப் வேறு. மத்ரஸாவில் ஓதிப் பழகியவர்களுக்கு எழுத்து முன்பே தெரியும், ஆனால் பலகையிலும் படிவத்திலும் ஸபர், ஸேர் என்ற உயிர்க்குறிகள் இருக்காது. அங்கே வேர்தான் கைகொடுக்கும்.

இரண்டு தாள்களில் கண்ணை ஊன்றிப் பாருங்கள். ஒன்று, நாட்டைவிட்டு வெளியேறும் விசா. ‘குரூஜ் வ அவ்தா’ என்றால் போய்த் திரும்பலாம். ‘குரூஜ் நிஹாயீ’ என்றால் இறுதி வெளியேற்றம். முதல் சொல் ஒன்றுதான், வேறுபாடு அடுத்த சொல்லில். மற்றது சம்பள ரசீது. ‘இஸ்தலம்து அனா’ என்று தொடங்கும். வேர் ஸீன், லாம், மீம். ஸீனுக்கும் லாமுக்கும் நடுவில் உள்ள ‘தா’ வேரில் இல்லாதது, சொல்லின் வார்ப்புக்காக வந்தது. கடைசியில், மேலே இரண்டு புள்ளி வைத்த ‘தா’தான் விகுதி: நான் பெற்றுக்கொண்டேன். பணத்தை எண்ணி வாங்கிய பிறகே அதன் கீழ் கையெழுத்துப் போடுங்கள்.