காக்ஸ் மாடலில் எந்தப் பிரிவை ரெஃபரன்ஸாக வைப்பது?

காக்ஸ் மாடல் என்பது இறப்பு போன்ற ஒரு நிகழ்வு நடக்கும் வேகத்தைப் பிரிவுகளுக்கிடையே ஒப்பிடும் புள்ளியியல் முறை; எந்தப் பிரிவோடு மற்றவற்றை ஒப்பிடுகிறோமோ அதுதான் ரெஃபரன்ஸ். ஆபத்து நிலையை ஹை, லோ, மீடியம் என்று எழுத்தாகவே வைத்திருக்கும் டேட்டாவை ஆர் (R) மென்பொருளில் காக்ஸ் மாடலுக்குக் கொடுத்தால், ஆங்கில அகரவரிசையில் ஹை முதலில் வருவதால் அதுவே ரெஃபரன்ஸ் ஆகிவிடும். லோவுக்கு ஹசார்ட் ரேஷியோ (நிகழ்வு நடக்கும் வேகம் ரெஃபரன்ஸைப் போல எத்தனை மடங்கு என்ற எண்) 0.25, மீடியத்துக்கு 0.50 என்று வருகிறது என வைத்துக்கொள்ளுங்கள். தப்பில்லை, ஆனால் படிப்பவர் தலைகீழாக யோசிக்க வேண்டும். மாறியை ஃபேக்டராக்கி, ரெஃபரன்ஸை மாற்றும் ரீலெவல் கட்டளையைப் போட்டு லோவை ரெஃபரன்ஸாக்கினால் மீடியம் 2, ஹை 4. மாடல் அதேதான், லாக்-லைக்லிஹுட் (மாடல் டேட்டாவோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) இம்மியும் நகராது. ஒப்பீடு மட்டும்தான் மாறுகிறது. மற்ற மென்பொருள்களில் ஸ்டேட்டா (Stata) மிகச் சிறிய எண்ணையும் சாஸ் (SAS) கடைசிப் பிரிவையும் தானாக எடுத்துக்கொள்ளும், அதனால் ஒரே டேட்டாவை வைத்து இரண்டு பேர் நேரெதிர் டேபிளோடு வந்து நிற்பதும் உண்டு.

அப்போ எதை எடுப்பது? முதலில் உங்கள் கேள்வியைப் பாருங்கள்: பழைய சிகிச்சை, புகைக்காதவர், முதல் ஸ்டேஜ், இப்படி எதோடு ஒப்பிட்டால் பதில் நேராக வருமோ அது. அடுத்து அந்தப் பிரிவில் எத்தனை பேர் என்பதை விட்டுவிட்டு எத்தனை நிகழ்வுகள் என்று எண்ணுங்கள். 400 பேர் இருந்தும் 3 பேர்தான் இறந்திருக்கிறார்கள் என்றால், அந்த 3 மட்டுமே எல்லா ஹசார்ட் ரேஷியோவின் 95% நம்பிக்கை இடைவெளியையும் மேலும் கீழும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இழுத்துவிடும், எதிர்ப்பக்கம் ஆயிரம் நிகழ்வு இருந்தாலும் சரி. நிகழ்வே இல்லையென்றால் கணக்கு முடிவிலிக்கு ஓடி எச்சரிக்கைதான் வரும். 'மற்றவை', 'தெரியவில்லை' இரண்டையும் ரெஃபரன்ஸாக வைக்காதீர்கள், யாரோடு ஒப்பிட்டோம் என்றே சொல்ல முடியாது. பி-மதிப்பு 0.05க்குக் கீழே வரும்வரை ரெஃபரன்ஸை மாற்றிக்கொண்டே இருப்பது, நேராகச் சொன்னால், ஏமாற்று வேலை.

இன்டராக்ஷன், அதாவது ஒரு மாறியின் விளைவு இன்னொரு மாறியைப் பொறுத்து மாறுவது, மாடலில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். சிகிச்சைக்கு எதிரே இருக்கும் எண் எல்லோருக்குமானது இல்லை, இன்னொரு மாறியின் ரெஃபரன்ஸ் பிரிவில் இருப்பவர்களுக்கு மட்டும்.

டேபிளில் ரெஃபரன்ஸுக்கும் ஒரு வரி கொடுங்கள்: '1 (ரெஃபரன்ஸ்)', பக்கத்தில் ஆட்கள், நிகழ்வுகள். மூன்று பிரிவு என்றால் மாறி முழுவதற்கும் 2 டிகிரி ஆஃப் ஃப்ரீடமில் ஒரே பி-மதிப்பும் வேண்டும். வரிக்கு வரி வரும் பி-மதிப்பு ரெஃபரன்ஸை மாற்றினால் மாறிவிடும், இது மாறாது.

அப்புறம், ரெஃபரன்ஸை மாற்றுவதற்காக நம்பிக்கை இடைவெளியைத் திருப்பும்போது இரு முனையும் இடம் மாறும்: 0.25 (0.10–0.62) என்பது 4 (1.6–10) ஆகும். மீடியத்தை லோவோடு ஒப்பிடும் ஹசார்ட் ரேஷியோவின் நம்பிக்கை இடைவெளியை இப்படிக் கையால் எடுக்க முடியாது, அதற்கு இரண்டு மதிப்பீடுகளும் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் கோவேரியன்ஸ் தேவை. ரெஃபரன்ஸை மாற்றி மாடலை இன்னொரு தடவை ஓட்டிவிடுங்கள்.