சிறு விமானத்தில் திசை தவறுவது எங்கே: பழைய கருவியும் புதிய கருவியும் சேரும் இடத்தில்

1970களில் வந்த செஸ்னா 172 ஒன்றின் காக்பிட்டை எட்டிப் பார்த்தால் இரண்டு தலைமுறைகள் ஒரே வீட்டில் குடியிருப்பது தெரியும். மேலே திரவத்தில் மிதக்கும் காந்தக் காம்பஸ். கீழே திசை காட்டும் ஜைரோ. பக்கத்தில் வி.ஓ.ஆர். ஊசி: தரையில் உள்ள ரேடியோ நிலையத்தை வைத்துப் பாதை காட்டுவது. நடுவில், பல வருடம் கழித்துப் பொருத்திய ஜி.பி.எஸ். போதாததற்கு விமானியின் தொடையில் கட்டிய டேப்லெட். தனித்தனியாக எல்லாம் நன்றாகத்தான் வேலை செய்கின்றன. ஒன்றின் கணக்கை இன்னொன்றின் மேல் போடும்போதுதான் வில்லங்கம் வருகிறது.

முதலில் ஜைரோ. வடக்கு எது என்று அதற்குத் தானாகத் தெரியாது. நாம் கையால் வைத்துக் கொடுத்த திசையைப் பிடித்துக்கொண்டு சுழலும், அவ்வளவுதான். உராய்வாலும் பூமியின் சுழற்சியாலும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். அதனால் சுமார் 15 நிமிடத்துக்கு ஒரு முறை காம்பஸைப் பார்த்துத் திருத்த வேண்டும். காம்பஸோ ஆடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் ஜி.பி.எஸ். திரை ஆடாமல் அசையாமல் 090, அதாவது நேர் கிழக்கு, என்று காட்டுகிறது. கை தானாக அதை நம்பி ஜைரோவை 090-க்குத் திருப்பிவிடுகிறது.

தவறு அங்கேதான். ஜி.பி.எஸ். காட்டும் அந்த எண் விமானம் தரைக்கு மேல் போகும் பாதை. மூக்கு பார்க்கும் திசை அல்ல. வேகம் 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்), தெற்கிலிருந்து 20 நாட் காற்று என்றால், கிழக்கு நோக்கி நேராகப் போக மூக்கை 11 டிகிரிக்கு மேல் தெற்கே திருப்பி வைத்திருக்க வேண்டும். அதாவது மூக்கு உண்மையில் 101-இல் இருக்கிறது, ஜைரோவோ 090 என்கிறது. அடுத்து விமானி தன் பயணக் குறிப்பைப் பார்க்கிறார். காற்றையும் கணக்கில் சேர்த்து 101 என்று எழுதி வைத்திருக்கிறார். சரி என்று ஜைரோவில் 101-க்குத் திரும்புகிறார். இப்போது மூக்கு 112-இல். காற்றுக்கான திருத்தம் இரண்டு தடவை சேர்ந்துவிட்டது. ஒரு டிகிரி பிசகினால் 60 மைலில் ஒரு மைல் விலகும் என்பது விமானிகளின் பழைய கைக்கணக்கு. இங்கே 60 மைல் போனால் பத்து மைலுக்கு மேல் தள்ளி நிற்பார்.

ஆக ஜைரோவைத் திருத்தக் காம்பஸ்தான். ஆனால் அதற்கும் நேரம் பார்க்க வேண்டும். வட அரைக்கோளத்தில் கிழக்கோ மேற்கோ பறக்கும்போது வேகம் கூட்டினால் காம்பஸ் வடக்கே திரும்புவதாகக் காட்டும், குறைத்தால் தெற்கே. தென் அரைக்கோளத்தில் இது தலைகீழ். திரும்பும்போதும் அது சொல்வதை நம்ப முடியாது. இறக்கை சமமாக, வேகம் மாறாமல் சில நொடிகள் பறந்துவிட்டுப் படிப்பதே வழி. அப்புறம், காம்பஸுக்குப் பக்கத்தில் கைபேசியையோ ஹெட்செட்டையோ வைக்கும் பழக்கம். ஹெட்செட்டின் ஒலிபெருக்கியில் காந்தம் இருக்கிறது என்பது பலருக்கு நினைவே வருவதில்லை.

வி.ஓ.ஆர். 108.00 முதல் 117.95 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையில் வேலை செய்கிறது. எண்ணைத் திருகியதும் ஊசி உயிர்பெற்றால் வேலை முடிந்தது என்று நினைப்பது பழைய தலைமுறைத் தவறு. நிலையத்தின் மோர்ஸ் அடையாளத்தைக் காதால் கேட்க வேண்டும். பராமரிப்பில் இருக்கும் நிலையம் அடையாளத்தை நிறுத்திவிடும், அல்லது ‘டெஸ்ட்’ என்ற சொல்லை மோர்ஸில் அனுப்பும். ஊசி மட்டும் பாட்டுக்கு அசைந்துகொண்டிருக்கும். ரேடியோ நிலையம் இருக்கும் பக்கம் ஊசியைத் திருப்பும் ஏ.டி.எஃப். என்ற கருவி இன்னும் மோசம். பெரும்பாலானவற்றில் சமிக்ஞை போய்விட்டது என்று சொல்ல எச்சரிக்கைக் கொடி கிடையாது. பக்கத்தில் இடிமேகம் இருந்தால் ஊசி நிலையத்தை விட்டுவிட்டு மின்னலைப் பார்க்கத் திரும்பும். அதைப் பயன்படுத்தும் வரை அடையாள ஒலியை மெல்லக் கேட்கும்படி விட்டுவைப்பது நல்லது.

இனி, எனக்கு மிகவும் கவலை தரும் இடம்: ஒரே ஊசியை வி.ஓ.ஆரும் ஜி.பி.எஸ்.ஸும் பங்கு போட்டுக்கொள்வது. கார்மின் ஜி.என்.எஸ். 430 போன்ற ஜி.பி.எஸ். பெட்டிகளில் ‘சி.டி.ஐ.’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். ஊசிக்கு யார் கட்டளை கொடுப்பது என்பதை அது மாற்றும். மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் விமானி ஐ.எல்.எஸ். (ஓடுபாதைக்கு இறங்க வழிகாட்டும் ரேடியோ அமைப்பு) அலைவரிசையை வைத்துவிட்டார், அடையாளமும் கேட்டுவிட்டார். ஊசி நடுவில் அழகாக நிற்கிறது. ஆனால் பொத்தானை அழுத்தவில்லை; ஊசி இன்னும் ஜி.பி.எஸ். சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. சில பெட்டிகள் தாமாகவே மாற்றிக்கொள்ளும், ஆனால் அதற்கென்று நிபந்தனைகள் உண்டு. அதை நம்பி உட்காரக் கூடாது. திரையின் கீழ் மூலையில் எந்த மூலம் என்று எழுதியிருப்பதை விரலால் தொட்டு, வாய்விட்டுப் படிக்கச் சொல்லும் பயிற்சியாளர்கள் சும்மா சொல்வதில்லை.

அதே ஊசி, அளவும் வேறு. வி.ஓ.ஆரில் ஊசி முழுதாக ஓரத்துக்குப் போனால் 10 டிகிரி விலகல்: நிலையத்திலிருந்து 60 மைலில் அது 10 மைல், 6 மைலில் ஒரு மைல். ஜி.பி.எஸ்.ஸில் அது தூரக் கணக்கு. நெடும்பயணத்தில் பழைய பெட்டிகளில் 5 மைல், புதியவற்றில் 2 மைல். விமான நிலையத்தை நெருங்கும்போது 1 மைல், இறங்கும் பாதையில் 0.3 மைல் வரை சுருங்கும். அரை ஊசி விலகலைப் பார்த்ததும் ‘இவ்வளவுதானே’ என்று நினைக்கும் முன் எதில் அரை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வி.ஓ.ஆர். பழக்கத்தில், பாதையின் திசையைத் தேர்ந்தெடுக்கும் குமிழைத் திருகிப் பார்த்து, ஊசி அசையவில்லையே, பழுதோ என்று குழம்புவதும் உண்டு. ஜி.பி.எஸ். வழக்கமான முறையில் ஓடும்போது அந்தக் குமிழைத் திருகினாலும் ஊசி நகராது.

பெயரைத் தட்டச்சு செய்து ‘என்டர்’ அடிப்பது எளிதாக இருப்பதே ஆபத்து. 1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலி நகருக்கு வந்த போயிங் 757-இல் ரோசோ என்ற நிலையத்துக்காக ‘ஆர்’ என்று கொடுத்தார்கள். கணினி எடுத்துக்கொண்டது போகோட்டா அருகில் இருந்த ரோமியோவை. விமானம் கிழக்கே திரும்பியது. சற்று நேரத்தில் மலையில் மோதி 159 பேர் இறந்தார்கள். அது பெரிய விமானம், ஆனால் தட்டச்சுப் பிழைக்கு விமானத்தின் அளவு தெரியாது. என்டர் அடிக்கும் முன் திரை காட்டும் திசையும் தூரமும் வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க இரண்டு நொடி போதும். ‘டைரக்ட் டு’ பொத்தானும் அப்படித்தான்: அது நேர்கோடு போடும், நடுவில் மலை இருக்கிறதா, தடை செய்த வான்பகுதி இருக்கிறதா என்று யோசித்துப் போடாது.

நிலையங்களும் பாதைகளும் அடங்கிய ஜி.பி.எஸ். டேட்டாபேஸ் 28 நாளுக்கு ஒரு முறை மாறும். பழையதை வைத்துக்கொண்டு போவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. டேப்லெட்தான் கவனிக்க வேண்டியது. வெயில் படும்படி வைத்தால் சூடேறித் தானே அணைந்துவிடும். ஜி.பி.எஸ். காட்டும் உயரமும், காற்றழுத்தத்தை வைத்து ஆல்டிமீட்டர் காட்டும் உயரமும் ஒன்றல்ல. வானில் மற்ற எல்லோரும் காற்றழுத்தக் கணக்கில் பறக்கும்போது நாம் மட்டும் டேப்லெட்டைப் பார்த்துப் பறக்க முடியாது.

ஜி.பி.எஸ். சமிக்ஞை மிகவும் மெலிதானது, தரையிலிருந்து யாராவது குழப்பினால் எளிதில் போய்விடும். அப்படிப் போகும்போது வி.ஓ.ஆர். அலைவரிசையைத் தேடுவதற்கும் டேப்லெட்டைத்தான் திறக்க வேண்டியிருந்தால் சிரமம். வழியில் அடுத்து வரும் நிலையத்தின் எண்ணை ரேடியோவின் காத்திருப்பு இடத்தில் முன்கூட்டியே வைத்துவிட்டால், ஒரு பொத்தான் அழுத்தி மோர்ஸ் கேட்பதோடு வேலை தொடங்கிவிடும்.