முதல் ராக்கெட் கைக்குத் திரும்பி வர

அமெரிக்காவில் மாடல் ராக்கெட் (பொழுதுபோக்காக ஏவும் சிறிய ராக்கெட்) ஆர்வம் குறைகிறதா என்று கேட்பவர்கள், புதியவரின் முதல் ராக்கெட் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். சக்தி அதிகமான சி6-5 மோட்டாரில் ஏவி, காற்றோடு தொலைந்தால் ஆர்வமும் போய்விடும். சிறிய ராக்கெட்டுக்குச் சக்தி குறைந்த ஏ8-3 மோட்டார் போதும்.

பாராசூட்டுக்குக் கீழே தீப்பிடிக்காத தாள் 3, 4 எடுத்து, கசக்கித் தளர்வாக வையுங்கள். இறுக்கித் திணித்தால் பாராசூட் வெளியே வராது. தாள் குறைந்தால், பாராசூட்டை வெளியே தள்ளும் சூடான வாயுவில் அதன் பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொள்ளும். பாராசூட்டை டால்கம் பவுடர் தூவி, ஏவும் இடத்தில்தான் மடிக்க வேண்டும். முந்தின நாளே மடித்தால் குளிரில் விறைத்து, விரியாது. காற்று அதிகமா? பாராசூட்டுக்குப் பதில் ரிப்பன் கட்டுங்கள்.

இக்னைட்டர் (மின்சாரத்தால் மோட்டாரைப் பற்றவைக்கும் கம்பி) முனை மோட்டாரின் எரிமருந்தைத் தொட வேண்டும். அதில் மாட்டும் மின்கம்பிக் கிளிப்புகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஏவும்போது 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். பற்றவில்லை என்றால் ஏவும் கருவியின் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி, 60 விநாடி கழித்தே அருகில் போங்கள்.