பாலத்தைக் கடந்தால் செல்லாத உரிமம்: அமெரிக்காவில் கைத்துப்பாக்கி உரிமம் பெறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்க்ளின் பாலத்தில் ஏறி டெலவேர் ஆற்றைக் கடந்தால், சில நிமிடங்களில் நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் இறங்கிவிடலாம். பென்சில்வேனியா மாநில உரிமத்தோடு, தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்து வைத்திருப்பவர் இந்தக் கரையில் சட்டப்படி நடப்பவர். அதே ஆள் அதே துப்பாக்கியோடு அக்கரையில் இறங்கினால், சிறைத் தண்டனைக்குரிய குற்றம் செய்தவராகிவிடுகிறார். 2013 அக்டோபரில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த, இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண்ணுக்கு இதுதான் நடந்தது. சிறு போக்குவரத்து விதிமீறலுக்காக நியூ ஜெர்சியில் அவருடைய காரை நிறுத்திய காவலரிடம், தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது, உரிமமும் இருக்கிறது என்று அவரே முன்வந்து சொன்னார். அந்த உரிமம் அந்த மாநிலத்தில் செல்லாது என்பது அவருக்குத் தெரியாது. கைது செய்யப்பட்ட அவர், குறைந்தது மூன்றரை ஆண்டு சிறை என்ற நிலையை எதிர்கொண்டார். பொதுமக்களிடம் எதிர்ப்பு எழுந்த பிறகே வழக்கு வேறு திசையில் திரும்பியது. 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார்.

அவருடைய நேர்மையில் குறை இல்லை. 'என்னிடம் உரிமம் இருக்கிறது' என்ற சொற்றொடருக்கு எந்த மாநிலத்தின் உரிமம், எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்பவற்றைச் சேர்க்காவிட்டால் பொருளே இல்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தவறிலிருந்து கிளைத்தவை. ஓட்டுநர் உரிமம் நாடு முழுவதும் செல்வதால் இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று மனம் தானாகவே எண்ணிக்கொள்கிறது. ஆனால் அமெரிக்காவில் பொதுமக்களுக்கென்று தேசிய அளவிலான துப்பாக்கி உரிமம் எதுவும் கிடையாது. ஒரு மாநிலத்தின் உரிமத்தை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் சட்டமாகவில்லை. எந்த மாநிலம் எந்த மாநிலத்தின் உரிமத்தை ஏற்கிறது என்பது அந்தந்த மாநிலத்தின் முடிவு. கலிபோர்னியாவும் நியூ ஜெர்சியும் இல்லினாயும் பிற மாநில உரிமங்களைத் தம் தெருக்களில் ஏற்பதில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வெர்மான்ட் மாநிலம் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல எக்காலத்திலும் உரிமம் கேட்டதில்லை. அலாஸ்கா 2003-லும், அரிசோனா 2010-லும், டெக்சாஸ் 2021 செப்டம்பரிலும், புளோரிடா 2023 ஜூலையிலும் உரிமம் இன்றியே மறைத்து எடுத்துச் செல்ல அனுமதித்தன. 2024-க்குள் இத்தகைய மாநிலங்கள் 29 ஆகிவிட்டன. அங்கே வசிப்பவர்களில் பலர், 'இனி உரிமம் எதற்கு?' என்று விட்டுவிடுகிறார்கள். இதைத் தவறான முடிவு என்றே நான் கருதுகிறேன். முதலாவதாக, மாநில எல்லையைத் தாண்டினால் காட்டுவதற்குக் கையில் எதுவும் இருக்காது. இரண்டாவது காரணம் பலர் கேள்விப்படாதது. பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய அரசின் சட்டம் தடை செய்கிறது. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே, காவல்துறைச் சரிபார்ப்புக்குப் பின் தந்த உரிமத்தை வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. உரிமம் இல்லாமல் வைத்திருக்க மாநிலம் அனுமதித்தாலும், அந்த அனுமதி இந்த மத்தியச் சட்டத்துக்குப் பதில் ஆகாது. ஒரு சாதாரண ஊரில் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும் வழியில் எத்தனை பள்ளிகளைக் கடக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால், 1,000 அடி என்பது எவ்வளவு அகலமான வளையம் என்பது விளங்கும்.

2022 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த புரூன் வழக்குத் தீர்ப்பைப் பற்றியும் அரைகுறையான புரிதல் பரவியிருக்கிறது. விண்ணப்பிப்பவர் தமக்குச் 'சிறப்பான தேவை' இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்ற நியூயார்க்கின் நிபந்தனையை அந்தத் தீர்ப்பு நீக்கியது. ஆனால் பயிற்சி, பின்னணிச் சரிபார்ப்பு போன்ற வரையறுத்த நிபந்தனைகளை விதிக்கும் அதிகாரத்தை அது மாநிலங்களிடமிருந்து பறிக்கவில்லை. சில நாட்களிலேயே நியூயார்க் புதிய சட்டம் இயற்றியது. அது செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேர நேரடிச் சுடும் பயிற்சி, நன்னடத்தைக்குச் சான்று சொல்ல நான்கு பேர் என்று அது கேட்கிறது. டைம்ஸ் சதுக்கம் உள்ளிட்ட பல இடங்களைத் துப்பாக்கி கூடாத இடங்களாகவும் அறிவித்தது. நியூயார்க்கின் உட்பகுதி மாவட்டம் ஒன்றில் வாங்கிய உரிமம், நியூயார்க் நகரக் காவல் ஆணையரின் தனி அனுமதி இல்லாமல் அந்நகருக்குள் செல்லாது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

பயிற்சியைப் பொறுத்தவரை மாநிலங்களுக்கிடையே இருக்கும் இடைவெளி வியப்பளிப்பது. பென்சில்வேனியாவில் பயிற்சி நிபந்தனையே இல்லை. கவுண்டி ஷெரிப்பிடம் விண்ணப்பித்தால், 45 நாட்களுக்குள் விசாரித்து, ஐந்தாண்டுக்குச் செல்லும் உரிமம் தருகிறார்கள். டெக்சாஸில் நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பும், எழுத்துத் தேர்வும், சுடும் தேர்வும் உண்டு. இல்லினாயில் 16 மணி நேரப் பயிற்சி தேவை. அங்கே விரல் ரேகை கொடுப்பது விண்ணப்பதாரரின் விருப்பம் என்றாலும், கொடுத்தால் 90 நாட்களும் கொடுக்காவிட்டால் 120 நாட்களும் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. கலிபோர்னியாவில் 2024 ஜனவரி முதல் முதன்முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 16 மணி நேரப் பயிற்சி கட்டாயம். உரிமம் இரண்டே ஆண்டு செல்லும்.

இந்த இடைவெளியைப் பயன்படுத்தி, 'வீட்டிலிருந்தே ஒரு மணி நேரத்தில் சான்றிதழ், முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் செல்லும்' என்ற பாணியில் வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். வர்ஜீனியா 2021 ஜனவரி முதல் இணையவழிப் பயிற்சிச் சான்றை ஏற்பதில்லை. டெக்சாஸில் வகுப்புப் பகுதியை இணையத்தில் முடிக்கலாமே தவிர, சுடும் தேர்வுக்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும். வெளிமாநிலத்தவருக்கும் உரிமம் தரும் யூட்டா மாநிலமோ, விண்ணப்பிப்பவரின் சொந்த மாநிலம் யூட்டா உரிமத்தை ஏற்கும் மாநிலமாக இருந்தால், முதலில் அந்தச் சொந்த மாநில உரிமத்தை வாங்கி வரச் சொல்கிறது. இதைவிட ஆழமான பள்ளம் ஒன்று உண்டு. மிச்சிகன் பிற மாநில உரிமங்களை ஏற்கும்போது, அது அந்தப் பிற மாநிலத்தில் வசிப்பவருக்கே கொடுத்த உரிமமாக இருக்க வேண்டும் என்கிறது. ஓஹையோவில் வசித்துக்கொண்டு யூட்டாவின் வெளிமாநிலத்தவர் உரிமத்தை மட்டும் வைத்திருப்பவர், யூட்டாவின் பெயர் மிச்சிகன் ஏற்கும் பட்டியலில் இருப்பதைப் பார்த்து நிம்மதியடைந்தால் மாட்டிக்கொள்வார்.

இனி, நம்மவர்கள் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறேன். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் அமெரிக்காவில் இருப்பவர், துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதையே மத்திய அரசின் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. உரிமம், மாநிலம் என்ற கேள்விகளெல்லாம் இதற்குப் பிறகுதான் வருகின்றன. அமெரிக்க மாநிலம் ஒன்று முறையாக வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது உள்ளிட்ட மிகச் சில விலக்குகளே உண்டு. வார இறுதியில் நண்பர்கள் சேர்ந்து சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போவது, மேசைக்குப் பின்னால் நிற்பவர் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துவிட்டு ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாடகைத் துப்பாக்கியை நீட்டுவது, அதைப் பிடித்தபடி எடுத்த படத்தைக் குடும்பக் குழுவில் பகிர்வது என்பதெல்லாம் நாம் சாதாரணமாகக் காணும் காட்சிகள். விலக்கு எதுவும் இல்லாத விசாக்காரருக்கு, அந்த வாடகைத் துப்பாக்கியைக் கையில் வாங்குவதும் 'வைத்திருப்பது' என்பதற்குள் அடங்கும்; அந்தப் படம் அதற்கான சான்று. கூடத்தில் யாரும் கேட்கவில்லை என்பது பாதுகாப்பு ஆகாது.

கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பது கிரீன் கார்டு கையில் இருப்பதற்குச் சமம் ஆகாது. இந்தியாவில் பிறந்தவர்கள் வேலைவாய்ப்புப் பிரிவில் எத்தனை ஆண்டுகள் வரிசையில் நிற்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நீண்ட காத்திருப்பில், 'எல்லாம் ஒப்புதல் ஆனது போலத்தான்' என்ற எண்ணம் படிந்துவிடுவது இயல்பு. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. நிரந்தரக் குடியிருப்பு கிடைத்துவிட்டால் துப்பாக்கி வாங்கலாம். பல மாநிலங்களில் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமமும் பெறலாம். அப்போதும் ஒன்றை மறக்கக் கூடாது. குடியேற்றச் சட்டத்தின்படி, துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் நாடு கடத்தலாம். குடிமகன் ஒருவர் அபராதத்தோடு கடந்துபோகும் தவறு, நம்மவர் ஒருவருக்கு வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் முடித்துவிடக் கூடும். எனவே இதில் குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்பதை வீண் செலவாக நினைக்க வேண்டாம்.

படிவத்தில் உண்மையைக் குறைத்து எழுதுவது அடுத்த தவறு. கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 எண் படிவமாயினும் மாநில உரிம விண்ணப்பமாயினும், பொய்யான பதிலே தனிக் குற்றம். அன்றைய அதிபரின் மகன் ஹண்டர் பைடன் 2024 ஜூனில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது, துப்பாக்கி வாங்கும் படிவத்தில் போதைப்பொருள் பற்றிய கேள்விக்கு அளித்த பதிலையொட்டியே. தந்தை மன்னிப்பு வழங்கியதால் அவர் தண்டனையிலிருந்து தப்பினார். கஞ்சாவை ஒரு மாநிலம் சட்டபூர்வமாக்கியிருந்தாலும் மத்தியச் சட்டத்தின் பார்வையில் அது விலக்கு ஆவதில்லை. இந்த விதியின் எல்லை குறித்து நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்துவந்தாலும், படிவத்தில் கையெழுத்திடும் நாளில் அதை நம்பி இருக்க முடியாது. குடும்ப வன்முறை வழக்கில் சிறு குற்றம் என்று ஒப்புக்கொண்டு அபராதத்தோடு முடித்துக்கொண்டவர்களும், 1996-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவர்களே.

உரிமம் வந்த பிறகு அறிவிப்புப் பலகைகளைக் கவனிக்க வேண்டும். டெக்சாஸில் கடை உரிமையாளர் துப்பாக்கியைத் தடுக்க விரும்பினால், தண்டனைச் சட்டத்தின் 30.06 பிரிவின்படி, ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், ஒவ்வொரு எழுத்தும் குறைந்தது ஓர் அங்குல உயரத்தில் பலகை வைப்பார். மது விற்பனையே வருமானத்தின் பெரும்பகுதியாக உள்ள இடத்தில் சிவப்பு நிறத்தில் 51% என்ற பலகை இருக்கும். மது விஷயத்தில் வட கரோலினா இன்னும் கடுமையானது. உடலில் மதுவின் எச்சம் இருக்கும்போது மறைத்து எடுத்துச் செல்வதே அங்கே குற்றம். தேசியப் பூங்காக்களில் 2010 முதல் அந்தந்த மாநிலச் சட்டம் பொருந்தும். ஆனால் பூங்காவுக்குள் இருக்கும் மத்திய அரசுக் கட்டடத்துக்குள் துப்பாக்கியோடு நுழையக் கூடாது.

சாலையில் காவலர் நிறுத்தும்போது என்ன செய்வது என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மிச்சிகனில் கேட்காமலே உடனடியாகச் சொல்ல வேண்டும். டெக்சாஸில் அடையாள அட்டை கேட்டால் துப்பாக்கி உரிமத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். இல்லினாயில் கேட்டால் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்பது இவற்றைவிட முக்கியம். 2016 ஜூலையில் மினசோட்டாவில், உரிமம் பெற்ற ஓர் இளைஞர் தம்மிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகத் தெரிவித்த சில நொடிகளில் காவலரால் சுடப்பட்டு இறந்தார். மறு ஆண்டு அந்தக் காவலர் விடுவிக்கப்பட்டார். பிழை அந்த இளைஞருடையது என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும், இரு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, உள்விளக்கை எரியவிட்டு, முதலில் உரிமம் இருப்பதைச் சொல்லி, எதையும் எடுக்கக் கை நீட்டாமல், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று காவலரிடமே கேட்கும்படி பயிற்சியாளர்கள் சொல்வதை வீட்டில் ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொள்வது நல்லது.

பயணத்தில்தான் மிகுதியானோர் சிக்குகிறார்கள். 2023-ல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் 93 விழுக்காடு தோட்டா நிரப்பியவை. பையில் இருப்பதை மறந்துவிட்டேன் என்ற விளக்கம் அபராதத்தைத் தடுப்பதில்லை. விமானத்தில் கொண்டுபோக விரும்புபவர், தோட்டாவை அகற்றி, பூட்டிய கெட்டியான பெட்டியில் வைத்து, விமான நிறுவனத்திடம் அறிவித்து, சரக்குப் பகுதிக்கு அனுப்ப வேண்டும்.

அப்படி எல்லாம் சரியாகச் செய்தவருக்கும் இடையில் ஒரு பள்ளம் காத்திருக்கலாம். 1986-ல் வந்த மத்தியச் சட்டம், புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருக்க உரிமை உள்ளவர் இடைப்பட்ட மாநிலங்களைக் கடந்துபோகப் பாதுகாப்பு அளிக்கிறது. துப்பாக்கியும் தோட்டாவும் பயணத்தின்போது கைக்கு எட்டாதபடி இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 2005-ல் யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் பென்சில்வேனியாவுக்குப் புறப்பட்டு, நியூ ஜெர்சியின் நெவார்க் விமான நிலையத்தில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். பெட்டியை வாங்கிக்கொண்டு இரவு விடுதியில் தங்கினார். மறுநாள் காலையில் திரும்பி வந்து, பெட்டியில் துப்பாக்கி இருப்பதை விதிப்படி அறிவித்தபோது கைது செய்யப்பட்டு, சில நாட்கள் சிறையில் இருந்தார். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. கைதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில் 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. விடுதி அறையில் பெட்டி அவர் கைக்கு எட்டும்படி இருந்ததால் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்றது. இப்படி வழியில் சிக்கிக்கொள்பவர், பெட்டியைத் திரும்ப வாங்குவதற்கு முன்பே விமான நிலையக் காவலரையோ ஊழியரையோ அணுகி உதவி கேட்கலாம் என்றும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். நியூ ஜெர்சி வழியாகத் துப்பாக்கியோடு பறக்க நேர்ந்து, இணைப்பு விமானம் போய்விட்டால், பெட்டி சுழலும் வாரில் வந்து நிற்பதைக் கண்டதும் அதை எடுத்துக்கொண்டு வெளியே நடந்துவிடாமல், முதலில் போக வேண்டிய இடம் விமான நிலையக் காவல் நிலையம்.