‘கூறப்படுகிறது’ என்று முடித்தால் போதுமா? செய்தி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செய்தியில் அதிகம் புழங்கும் வினைச்சொல் எது என்று என்னைக் கேட்டால் ‘கூறப்படுகிறது’ என்றுதான் சொல்வேன். “அவர் பணத்தை எடுத்துச் சென்றதாகக் கூறப்படுகிறது.” சரி, கூறியது யார்? விசாரணை அதிகாரியா, பக்கத்து வீட்டுக்காரரா, அவர்மேல் வழக்குப் போட்டவரா? சொன்னவரை மறைத்துவிட்டு, சொன்னதை மட்டும் வாசகர் முன்னால் வைக்க இந்த ஒரு சொல் போதும்.

பல வருடங்களாகப் பத்திரிகை அலுவலக டெஸ்கில் உட்கார்ந்து பிறர் எழுதியதைத் திருத்துகிறேன். இந்தத் தொழிலின் பெரிய தவறுகளில் பலவும் கெட்ட எண்ணத்தால் நடந்தவை அல்ல. கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் நடந்தவை. நிருபருக்கும் இது பொருந்தும், நிறுவனங்களுக்காகவும் அரசுகளுக்காகவும் பேசுகிற மக்கள் தொடர்பாளருக்கும் பொருந்தும்.

உண்மைதானே, எழுதினால் என்ன?

1996 ஜூலை 27. அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தது. நள்ளிரவு தாண்டியும் பூங்காவில் கச்சேரி. ரிச்சர்ட் ஜூவல் என்ற பாதுகாவலர், பெஞ்சுக்கு அடியில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பையைப் பார்த்தார். போலீசிடம் சொன்னார், சுற்றி இருந்தவர்களை விலக்க ஆரம்பித்தார். குண்டு வெடித்தது. குண்டுச் சிதறல் பட்டு ஒரு பெண் இறந்தார், நூறு பேருக்கு மேல் காயம். ஜூவல் அந்தப் பையைக் கவனிக்காமல் இருந்திருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்களோ. மூன்று நாள் எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள்.

ஜூலை 30 அன்று உள்ளூர் நாளிதழ் சிறப்புப் பதிப்பு போட்டது: அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. சந்தேகிப்பது ஜூவலைத்தான். தனியாளாகக் குண்டு வைப்பவர்களின் சாயலுக்கு, அதாவது அப்படிப்பட்டவர்கள் பொதுவாக எப்படி இருப்பார்கள் என்ற கணிப்புக்கு, அவர் பொருந்துகிறார் என்று அதில் ஒரு வாக்கியம். யார் சொன்னது என்ற குறிப்பே அதில் இல்லை. பத்திரிகையே தெரிந்து சொல்வதுபோல இருந்தது. அதற்கப்புறம் அவர் தன் தாயோடு வசித்த வீட்டு வாசலில் கேமராக்கள் குடியேறின. 88 நாட்கள் கழித்து, அவர்மேல் சந்தேகம் இல்லை என்று அரசு வழக்கறிஞர் கடிதம் கொடுத்தார். உண்மையில் குண்டு வைத்த எரிக் ருடால்ஃப் 2005இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஜூவல் 2007இல், 44 வயதில் இறந்துபோனார்.

இதில் என்னை இன்னும் உறுத்துவது ஒன்று உண்டு. அந்தச் செய்தி பொய் இல்லை. எஃப்.பி.ஐ. அவரைச் சந்தேகித்தது உண்மை. செய்தி வெளியான சமயத்தில் அது பெருமளவு உண்மையே என்று பிற்பாடு ஜார்ஜியா மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. செய்தி உண்மை, ஆள் நிரபராதி. இரண்டும் ஒரே நேரத்தில் சாத்தியம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ‘சந்தேகிக்கிறார்களா’ என்று கேட்ட நிருபர்கள், ‘எதை வைத்துச் சந்தேகிக்கிறார்கள், சாட்சியமா, வெறும் சாயலா’ என்ற அடுத்த கேள்வியை அதே வேகத்தில் கேட்டிருக்க வேண்டும்.

சந்தேகத்துக்குரியவர், விசாரிக்கப்படுபவர், கைதானவர், குற்றம் சாட்டப்பட்டவர், குற்றவாளி. இவை ஐந்தும் ஐந்து வேறு நிலைகள். செய்திக்குள் சரியாக எழுதிவிட்டு, தலைப்பில் ‘கொலையாளி சிக்கினான்’ என்று போட்டால் உள்ளே எடுத்த கவனமெல்லாம் வீண். தமிழில் இன்னொரு வழுக்கலும் இருக்கிறது. நேற்றுவரை ‘அவர்’ என்று எழுதப்பட்டவர், கைதானதும் ‘அவன்’ ஆகிவிடுகிறார். ‘சென்றார்’ என்பது ‘சென்றான்’ ஆகிறது. ஒரு மெய்யெழுத்தை மாற்றித் தீர்ப்பையே எழுதிவிடுகிறோம், நீதிபதி இன்னும் வழக்கைக் கையில் எடுத்திருக்கக்கூட மாட்டார். என் மேசைக்கு வரும் பிரதியில் நான் முதலில் தேடித் திருத்துவது இதைத்தான். அதே மாதிரி, தலைப்பின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டால் பழி நம்மேல் வராது என்ற நம்பிக்கையும் தவறு. படிப்பவர் மனதில் கேள்விக்குறி நிற்பதில்லை, பெயர்தான் நிற்கிறது.

பெயர் சொல்லாதவர் தரும் தகவல்

‘பெயர் வெளியிட விரும்பாத அதிகாரி’ இல்லாமல் பல நல்ல செய்திகள் வெளியே வந்திருக்காது. ஆனால் வாசகரிடமிருந்து பெயரை மறைப்பது வேறு, ஆசிரியரிடமிருந்தே மறைப்பது வேறு. 1980 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட் இதழில், ஹெராயினுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி ஜேனட் குக் எழுதிய கட்டுரை வந்தது. நகரமே பதறியது. போலீசார் அந்தப் பையனைத் தேடினார்கள். தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்க மாட்டோம் என்று பத்திரிகை உறுதியாக நின்றது. 1981 ஏப்ரலில் அமெரிக்கப் பத்திரிகை உலகின் உயரிய விருதான புலிட்சர் பரிசும் கிடைத்தது. பிறகுதான் அப்படி ஒரு சிறுவனே இல்லை என்று தெரிந்து, பரிசைத் திருப்பிக் கொடுத்தார்கள். பையனின் பெயர் என்ன, வீடு எங்கே இருக்கிறது என்று ஆசிரியர்கள் ஒருமுறை வற்புறுத்திக் கேட்டிருந்தால், அந்தக் கட்டுரை அச்சுக்கே போயிருக்காது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுப்பது. 1982இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், பெயரை வெளியிட மாட்டோம் என்று நிருபர்கள், தகவல் தந்த டேன் கோஹன் என்பவருக்கு வாக்குக் கொடுத்தார்கள். அதை மீறி ஆசிரியர்கள் பெயரைப் போட்டார்கள். அன்றைக்கே அவர் வேலை போனது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், இப்படி வாக்கை மீறிய பத்திரிகைமேல் வழக்குத் தொடர அரசமைப்பில் தடையில்லை என்று 1991இல் தீர்ப்பு வந்தது. ஆகவே ‘ஆஃப் தி ரெக்கார்ட்’ என்று எதிரில் இருப்பவர் ஆரம்பித்தவுடன் தலையாட்டிவிடாதீர்கள். அந்தச் சொல்லுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருள் வைத்திருக்கிறார்கள். பெயரை மட்டும் போடக் கூடாதா, தகவலையே பயன்படுத்தக் கூடாதா, வேறொருவரிடம் உறுதி செய்துகொண்டு எழுதலாமா? பேச்சு தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். நீங்கள் கொடுக்கும் வாக்கு ஆசிரியரையும் கட்டுமா என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயரை மறைத்தும் அடையாளம் காட்டிவிடுவது

பாலியல் வன்முறைக்கு ஆளானவர், குழந்தை. இவர்கள் பெயரைப் போடக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். பெயரை எடுத்துவிட்டு, ‘அந்தத் தெருவின் கடைசி வீட்டில் தையல் வேலை செய்யும் தாயுடன் வசிக்கும் எட்டாம் வகுப்பு மாணவி’ என்று எழுதினால், ஊரில் யாருக்குத் தெரியாமல் போகும்? ஒரு பத்திரிகை தெருவைச் சொல்லும், இன்னொன்று பள்ளியைச் சொல்லும், டிவியில் முகத்தை மங்கலாக்கி வீட்டுக் கதவைத் தெளிவாகக் காட்டுவார்கள். மூன்றையும் சேர்த்தால் முழு முகவரி. எழுதி முடித்ததும் அந்தக் குழந்தையின் வகுப்புத் தோழி படிப்பதாக நினைத்துக்கொண்டு ஒருமுறை படியுங்கள். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. உறவினரே குற்றம் சாட்டப்பட்டிருக்கும்போது அவர் பெயரைப் போடுவதே குழந்தையை அடையாளம் காட்டிவிடும்.

தற்கொலைச் செய்திகளில் நாம் செய்யும் தவறு உயிரோடு விளையாடுவது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. வியன்னாவில் சுரங்க ரயில் முன் பாய்ந்து இறப்பவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் விலாவாரியாக எழுதிவந்தன. 1987இல் அங்குள்ள தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஒரு வழிகாட்டுதலைக் கொடுத்தது, பத்திரிகைகளும் கேட்டுக்கொண்டன. அந்த ஆண்டின் முதல் பாதியோடு ஒப்பிட்டால், சுரங்க ரயிலில் நடந்த தற்கொலைகளும் முயற்சிகளும் இரண்டாம் பாதியில் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. உலக சுகாதார நிறுவனம் 2000 முதல் ஊடகங்களுக்கென்றே இது பற்றிக் கையேடு வெளியிட்டுவருகிறது. எந்த முறையில், எந்த இடத்தில் என்று விவரிக்கக் கூடாது, முதல் பக்கத்தில் பெரிதாகப் போடக் கூடாது, கடைசிக் கடிதத்தை வெளியிடக் கூடாது, உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒற்றைக் காரணம் சொல்லக் கூடாது. ‘தேர்வில் தோல்வி: மாணவி விபரீத முடிவு’ என்ற தலைப்பை எத்தனை முறை பார்த்திருப்போம். அதே தேர்வில் தோற்ற இன்னொரு பெண்ணும் அதைப் படிக்கிறாள். தோற்றால் அடுத்தது இதுதான் என்று நாமே அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

முந்துவதும், சமன் செய்வதும்

வேகத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1948இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் ட்ரூமன் தோற்றார் என்று சிகாகோ ட்ரிப்யூன் தலைப்புப் போட்டது, அவர் ஜெயித்திருந்தார். அச்சுக்கோப்பவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் வழக்கத்தைவிட முன்னதாகவே பக்கத்தை முடிக்க வேண்டியிருந்தது, அதனால் ஊகத்தை நம்பினார்கள். இன்றைக்கு அச்சு இயந்திரம் நம்மை அவசரப்படுத்துவதில்லை, நாமேதான் அவசரப்படுகிறோம். சர்வதேசப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு 2019இல் ஏற்ற சாசனம், தகவலைச் சரிபார்ப்பதற்கும் எதிர்த்தரப்பைக் கேட்பதற்கும் மேலாக அவசரத்தை வைக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. சம்பந்தப்பட்டவருக்கு ஃபோன் செய்தோம், எடுக்கவில்லை என்று எழுதுகிறோமே, எத்தனை மணிக்குச் செய்தோம்? செய்தி போவதற்கு ஐந்து நிமிடம் முன்பு செய்திருந்தால் அது கேட்டதாகாது.

இரண்டு தரப்பையும் போட்டுவிட்டால் நடுநிலை என்று நினைப்பது இன்னொரு தவறு. 1998இல் லான்செட் மருத்துவ இதழில் 12 குழந்தைகளை வைத்து வெளியான ஒரு கட்டுரையை முன்வைத்து, தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியால் ஆட்டிசம் வரலாம் என்ற பேச்சு கிளம்பியது. மற்ற ஆய்வுகள் அந்தத் தொடர்பை மறுத்துக்கொண்டே இருந்தன. ஊடகங்களோ இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று சமமாக உட்காரவைத்தன. 2010இல் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதற்குள் எத்தனையோ பெற்றோர் பயந்துபோய் ஊசி போடாமல் விட்டிருந்தார்கள். சான்றுகளின் எடை எந்தப் பக்கம் என்று சொல்வதும் நம் வேலைதான்.

மக்கள் தொடர்பாளர் மறைக்கக் கூடாத ஒன்று

தன் நிறுவனத்தின் பக்கத்தைப் பேசுவதற்குத்தான் மக்கள் தொடர்பாளர் சம்பளம் வாங்குகிறார், அதில் தவறே இல்லை. யாருக்காகப் பேசுகிறோம் என்பதை மறைக்கும் இடத்தில்தான் தவறு தொடங்குகிறது. இந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரான ஐவி லீ, 1906இலேயே பத்திரிகைகளுக்கு அனுப்பிய அறிக்கையில், எங்கள் வேலை எல்லாம் வெளிப்படையாகவே நடக்கும் என்று எழுதினார்.

1990 அக்டோபரில் நடந்ததைப் பாருங்கள். குவைத்தை ஈராக் பிடித்திருந்த நேரம். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு முன்னால் நயிரா என்ற 15 வயதுப் பெண் அழுதபடி சாட்சி சொன்னாள்: ஈராக்கிய வீரர்கள் மருத்துவமனையில் இன்குபேட்டரிலிருந்து பச்சிளங்குழந்தைகளை எடுத்துத் தரையில் போட்டார்கள். அதிபர் முதல் எல்லோரும் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 1991இல் போர் நடந்தது. அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பது 1992இல்தான் பொதுவெளிக்கு வந்தது. குவைத் அரசின் பணத்தில் இயங்கிய ஓர் அமைப்புக்காக ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் நடத்திய பிரசாரத்தின் பகுதி அது. இன்குபேட்டர் கதைக்குச் சான்று கிடைக்கவில்லை.

பாதுகாப்புக்காக அவள் முழுப்பெயரைச் சொல்லவில்லை என்றார்கள். நம்பும்படியான காரணம்தான். ஆனாலும், ‘இந்தப் பெண்ணை இங்கே அழைத்து வந்தவர் யார், செலவு யாருடையது’ என்று அன்றைக்கே கேட்டு எழுதியிருக்கலாம். ஒரு பிரஸ் ரிலீஸ் கைக்கு வந்தாலும், இலவசப் பயணத்துக்கு அழைப்பு வந்தாலும், சமூக ஊடகத்தில் ஒருவர் ஒரு பொருளைத் திடீரெனப் புகழ்ந்தாலும் கேட்க வேண்டியது இதே கேள்விதான். பணம் வாங்கிப் போடுவதை விளம்பரம் என்று பளிச்செனத் தெரியும்படி போட வேண்டும்.

திருத்தம் போடும் விதம்

தவறே செய்யாத பத்திரிகை கிடையாது. தவறு தெரிந்ததும் இணையப் பதிப்பில் சத்தமில்லாமல் மாற்றிவிடுவதுதான் இன்று அதிகம் நடக்கிறது. காலையில் படித்தவருக்குத் தான் படித்தது தவறு என்றே தெரியாது. என்ன தவறாக இருந்தது, எது சரி, எப்போது திருத்தினோம் என்று அதே பக்கத்தில் எழுத வேண்டும். சமூக ஊடகத்தில் தவறாகப் பகிர்ந்திருந்தால் அங்கேயும் சொல்ல வேண்டும்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு பள்ளி ஆசிரியரின் மறைவு பற்றி இரங்கல் குறிப்பு எழுதினேன். மறுநாள் அவர் மகள் ஃபோன் செய்தார். பெயரில் ஓர் எழுத்துத் தவறு. கோபமே இல்லாமல் பேசினார். “அப்பாவைப் பத்தி பேப்பர்ல வந்தது இது ஒண்ணுதான் சார். வெட்டி ஃபிரேம் போடலாம்னு இருந்தோம்.” திருத்தம் போட்டோம், உள்பக்கத்தில் இரண்டு வரி. இரண்டு வரித் திருத்தத்தை யாரும் ஃபிரேம் போட்டு வைக்க முடியாது.

அதற்கப்புறம் இரங்கல் குறிப்பு எழுதினால் வீட்டாருக்கு ஃபோன் செய்து, பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்வேன். ‘ல’வா ‘ள’வா, ‘ன’வா ‘ண’வா என்று கேட்பேன். துக்க வீட்டில் போய் இதைக் கேட்கிறோமே என்று முதலில் கூச்சமாக இருந்தது. இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பலர் நிதானமாக, இரண்டு முறை சொல்வார்கள்.